கிளையை மூடினாலும் கார்டு கை மாறக்கூடாது

(சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட, தாமான் குடும்பங்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேச வந்திருப்பது கண்ணாடிக் கதவில் ஒட்டப்படும் ஒரு தாளைப் பற்றி. "இந்தக் கிளை இன்ன தேதியோடு மூடப்படுகிறது. வாடிக்கையாளர்கள் இன்ன கிளைக்குச் செல்லவும்." அவ்வளவுதான், இரண்டே வரி. அதுவும் பெரும்பாலும் மலாயில், ஆங்கிலத்தில். அதைப் படித்துச் சொல்லவே நம் பாட்டிக்கு ஒரு பேரப்பிள்ளை வேண்டும்.

நம் ஊரில் எந்தக் கிளை எப்போது மூடும் என்று ஜோதிடம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் சிறு பட்டணத்தில் இருக்கிற எந்தக் கிளையும் நிரந்தரம் இல்லை. தாள் ஒட்டிய பிறகு ஓடுவதைவிட, ஒட்டுவதற்கு முன்பே வீட்டைத் தயார் செய்துகொள்வது நல்லது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிளை மூடினால் உங்கள் பணம் எங்கும் போய்விடாது. கணக்கும் அப்படியே இருக்கும். ஆனால் அந்தப் பணத்துக்கும் உங்கள் கைக்கும் நடுவே யாராவது ஒருவர் வந்து நிற்பார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது!

வங்கிக்கு நம்மை அனுப்பியது யார்?

நம் தாத்தா காலத்தில் சம்பளம் தோட்டத்து ஆபீசில் கிடைத்தது. கிராணி பெயரைக் கூப்பிடுவார், நாம் பெருவிரல் ரேகை வைப்போம், ரொக்கம் கைக்கு வரும். சேமிக்க வேண்டுமானால் தபால் நிலையம் இருந்தது. அஞ்சலக சேமிப்பு வங்கியின் வேலையை 1974 டிசம்பர் 1ஆம் தேதி தேசிய சேமிப்பு வங்கி, அதாவது பி.எஸ்.என். எடுத்துக்கொண்டது. ஏழைகளின் வங்கி என்றால் அன்றும் இன்றும் அதுதான் நினைவுக்கு வரும்.

பிறகு சட்டம் மாறியது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் செய்த திருத்தம் 2012இல் அமலுக்கு வந்தது. அதிலிருந்து சம்பளத்தைத் தொழிலாளியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுவதுதான் விதி. சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் அது ஏறவேண்டும். கங்காணி கையிலிருந்தும் கிராணி கையிலிருந்தும் நம் சம்பளத்தை விடுவித்த வகையில் இது நல்ல சட்டம்தான்.

சம்பளம் மட்டுமா? ரஹ்மா உதவித் தொகை, சமூகநல இலாகாவின் மாத உதவி, சொக்சோ பென்ஷன், இ.பி.எஃப். பணம் எல்லாமே பெரும்பாலும் கணக்கு வழியாகத்தான் வருகின்றன. உழைத்த காசு, உடம்பு விழுந்த பிறகு வரும் காசு, அரசாங்கம் தரும் காசு என அத்தனைக்கும் ஒரே வாசல் வங்கி.

அப்படியானால் நான் கேட்கிறேன். அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வாசலை இழுத்து மூடும்போது மட்டும் அது வங்கியின் சொந்த வியாபாரம் என்று சொல்வது நியாயமா? சிந்தித்துப் பாருங்கள்.

கிளைகள் ஏன் குறைகின்றன?

1997, 98 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பேங்க் நெகாரா உள்நாட்டு வங்கிகளை ஒன்று சேர்த்தது. 54 நிறுவனங்கள் 10 வங்கிக் குழுக்களுக்குள் அடங்கின. பேங்க் பூமிபுத்ரா 1999இல் பேங்க் ஆஃப் காமர்ஸுடன் சேர்ந்தது. அந்த வங்கிக்குத்தான் 2006இல் சி.ஐ.எம்.பி. என்று பெயர் வந்தது. இயோன் பேங்க் 2011இல் ஹொங் லியோங் வங்கியோடு சேர்ந்தது. ஒரே தெருவில் இரண்டு பெயரில் இருந்த கிளைகள் ஒரே முதலாளிக்குச் சொந்தமானால், ஒன்றை மூடத்தானே பார்ப்பார்கள்? பழைய பெயர் போட்ட சேமிப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எந்த வங்கிக்குப் போவது என்று தெரியாமல் தவிக்கும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இப்போது இரண்டாவது காரணமும் சேர்ந்துவிட்டது. அதுதான் கைப்பேசி. சம்பாதிக்கிற வயதில் உள்ளவர்கள் பணத்தைக் கைப்பேசியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். முகப்பில் வரிசை குறைகிறது. வரிசை குறைந்தால் வங்கி கணக்குப் பார்க்கிறது. ஆனால் அந்த வரிசையில் மிச்சம் நிற்பவர்கள் யார்? கைப்பேசி இல்லாதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், மரம் சீவிச் சீவி ரேகை தேய்ந்தவர். அந்தக் கடைசி வரிசையில் நம் ஆட்கள் இருக்கிறார்கள்.

நட்டம் யாருக்கு?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 30 கிலோமீட்டர். கோலகங்சார் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். கார் வைத்திருப்பவருக்கு அது தூரமே இல்லை. ஆனால் எல்பில், டோவன்பி, லிந்தாங் பக்கம் இருப்பவர்கள் முதலில் சுங்கை சிப்புட் பட்டணத்துக்கு வரவேண்டும். பிறகு அங்கிருந்து இன்னொரு பயணம். வங்கி திறந்திருக்கும் நேரமும் நாம் வேலை செய்யும் நேரமும் ஒன்றுதான். ஆக, ஒரு நாள் வேலை போகும்.

2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி ஆனது. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 65 வெள்ளி 38 காசு. தன் பணத்தைத் தானே எடுக்க ஒரு தொழிலாளி 65 வெள்ளியை இழக்கிறார். பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் தனி.

சரி, வேறு வங்கியின் ஏ.டி.எம். இயந்திரத்தில் எடுக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம். தடவைக்கு 1 வெள்ளி கட்டணம். தொற்றுநோய்க் காலத்தில் 2020இல் அதை நிறுத்தினார்கள், 2022இல் திரும்பவும் போட்டுவிட்டார்கள். மாதம் நான்கு தடவை எடுத்தால் வருடத்துக்கு 48 வெள்ளி. பிள்ளையின் பள்ளிக் காலணிக்கு ஆகும் காசு அது!

கைப்பேசிக்கு மாறலாமே என்பார்கள் சிலர். 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகள் போட்டது. எஸ்.எம்.எஸ். மூலம் எண் அனுப்பும் முறையைக் கைவிடவேண்டும், ஒரு வாடிக்கையாளர் ஒப்புதல் கொடுக்க ஒரே ஒரு கைப்பேசியைத்தான் பயன்படுத்தவேண்டும் என்பவை அவற்றில் இரண்டு. மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான் இதைச் செய்தார்கள், நல்ல நோக்கம். ஆனால் அப்பா, அம்மா, பாட்டி மூவருக்கும் சேர்த்து ஒரே கைப்பேசி இருக்கிற வீட்டில் இது எப்படி நடக்கும்?

இப்படி எல்லா வழியும் அடைபடும்போது நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "தம்பி, நீ ஈப்போவுக்குத்தானே போகிறாய்? இந்தா கார்டு, நம்பர் இதுதான், எனக்கும் எடுத்து வா." முதலில் மகன் கையில், பிறகு பக்கத்து வீட்டுப் பையன் கையில், பிறகு மளிகைக் கடையில் கடனுக்கு ஈடாக. கடைசியில் வட்டி முதலை கையில்! சம்பளம் ஏறும் நாளில் உங்களுக்கு முன்னால் அவன் இயந்திரத்தின் முன் நிற்பான். கிராணியிடமிருந்து மீட்ட சம்பளத்தை நாமே இன்னொருவனிடம் ஒப்படைப்பதா?

வீட்டில் செய்யவேண்டியவை

முதலாவது, உங்கள் வீட்டில் யார் யார் பெயரில் எந்த வங்கியில் கணக்கு இருக்கிறது, அதில் எந்தப் பணம் ஏறுகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ரகசிய எண்ணை அதில் எழுதவேண்டாம். பழைய புத்தகங்களைத் தேடி எடுத்து, இப்போது எந்த வங்கியின் கீழ் வருகிறது என்று விசாரியுங்கள். ஒரு வருடம் போடாமல் எடுக்காமல் கிடந்தால் வங்கி அதைச் செயலற்ற கணக்காக ஒதுக்கிவிடும். பல வருடம் கிடந்தால் பணம் அரசாங்கத்தின் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்விடும். அதன் பிறகும் வாங்கலாம், ஆனால் அலைச்சல் அதிகம். வருடத்துக்கு ஒரு முறையாவது 10 வெள்ளி போட்டு எடுங்கள்.

இரண்டாவது, உங்கள் கிளை மூடப்போகிறது என்று தெரிந்தால், அது திறந்திருக்கும்போதே போய் வேலையை முடியுங்கள். கார்டு தேதி முடியப்போகிறதா, கைப்பேசி எண் மாறிவிட்டதா, வீட்டு முகவரி பழைய தோட்டத்து லயத்தின் பெயரில் இருக்கிறதா என்று பார்த்து எல்லாவற்றையும் அங்கேயே சரி செய்யுங்கள். ரேகை படியவில்லை என்று திருப்பி அனுப்பினால் வந்துவிடாதீர்கள். அதிகாரியைக் கூப்பிட்டு, வேறு வழியில் அடையாளம் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஊரில் மிச்சம் இருக்கும் வங்கி ஒன்றில் கணக்கு திறந்து வையுங்கள். பெரிய தொகை வேண்டுமே என்று தயங்கவேண்டாம். அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்ற ஏற்பாட்டை 2005இலேயே பேங்க் நெகாரா கொண்டுவந்தது. 20 வெள்ளி இருந்தால் தொடங்கலாம். "அக்காவுன் சிம்பானான் அசாஸ்" என்று கேளுங்கள். சம்பளக் கணக்கை மாற்றும்போது தோட்டத்து ஆபீசிலும், உதவித் தொகை வாங்குபவர் சமூகநல இலாகாவிலும், பென்ஷன் வாங்குபவர் சொக்சோவிலும் புதிய எண்ணைக் கொடுக்கவேண்டும். புதிய கணக்கில் பணம் ஏறிய பிறகுதான் பழையதை மூடவேண்டும். இதில் அவசரப்படாதீர்கள்.

நான்காவது, கடைகளில் "ஏஜென் பேங்க்" என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். வங்கி இல்லாத இடங்களுக்காக 2012 முதல் பேங்க் நெகாரா அனுமதித்த முறை அது. மளிகைக் கடை, எண்ணெய் நிலையம் போன்ற இடங்களில் பணம் போடலாம், எடுக்கலாம், பில் கட்டலாம். பி.எஸ்.என். இதில் அதிகமாக ஈடுபட்டிருக்கிறது. ஆனால் மூன்று விஷயங்களை மறக்கவேண்டாம். கார்டை நீங்களே இயந்திரத்தில் போட்டு ரகசிய எண்ணை நீங்களே அழுத்துங்கள். ரசீது வாங்காமல் நகராதீர்கள். கடைக்காரர் தனக்கென்று தனியாகக் காசு கேட்டால் கொடுக்கவேண்டாம். இன்னொன்று, கடையில் ரொக்கம் இருந்தால்தான் எடுக்க முடியும். சம்பளம் ஏறும் வாரத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, நடக்க முடியாத பெற்றோருக்குக் கார்டைக் கை மாற்றுவதைவிட, நம்பிக்கையான ஒரு பிள்ளையோடு கூட்டுக் கணக்கு திறக்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். யார் எடுத்தார், எவ்வளவு எடுத்தார் என்பது பதிவில் இருக்கும். ஆனால் இருவரில் ஒருவர் கையெழுத்து போதும் என்ற கணக்கில், அந்தப் பிள்ளை முழுவதையும் எடுக்க முடியும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். கணக்கே இல்லாதவர்கள் ரஹ்மா உதவித் தொகையை பி.எஸ்.என். கிளையில் அடையாளக் கார்டைக் காட்டி ரொக்கமாக வாங்கலாம். சாரா உதவி மைகாட்டிலேயே ஏறுகிறது, பதிவு பெற்ற கடைகளில் பொருள் வாங்கலாம். அதற்காக மைகாட்டைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்!

ஆறாவது, வங்கிக்குப் போக வழியே இல்லாத தோட்டத்தில், தொழிலாளி எழுத்து மூலம் கேட்டால் சம்பளத்தை ரொக்கமாகவோ காசோலையாகவோ கொடுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. தொழிலாளர் இலாகாவில் விவரம் கேட்டுக்கொண்டு எழுதிக் கொடுங்கள்.

கார்டு ஏற்கனவே போய்விட்டதா?

இதை வெளிப்படையாகக் கேட்கிறேன், யாரும் வெட்கப்படவேண்டாம். உங்கள் கார்டு இன்று வேறொருவர் கையில் இருந்தால், வங்கிக்குப் போய் அதை ரத்து செய்து புதிய கார்டும் புதிய எண்ணும் வாங்குங்கள். கடன் கடனாக இருக்கட்டும், அதைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதற்காக உங்கள் சம்பளத்தின் சாவியை அவனிடம் கொடுக்கவேண்டியதில்லை. உரிமம் பெற்ற வட்டிக் கடைக்காரர் வருடத்துக்கு, ஈடு இருந்தால் 12 விழுக்காடும், ஈடு இல்லாவிட்டால் 18 விழுக்காடும்தான் அதிகபட்சம் வாங்கலாம் என்று சட்டம் சொல்கிறது. மாதத்துக்கு 10, 20 என்று கேட்பவன் சட்டத்துக்கு வெளியே நிற்பவன். மிரட்டினால் போலீசில் புகார் செய்யுங்கள். தனியாகப் போகவேண்டாம், நாலு பேராகப் போங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, 300 வெள்ளி தருகிறேன்" என்று யாராவது கேட்டால் ஓடி வந்துவிடுங்கள். 2024 அக்டோபர் 31 முதல் அமலில் இருக்கும் தண்டனைச் சட்டத் திருத்தத்தின்படி, நியாயமான காரணம் இல்லாமல் கணக்கையோ கார்டையோ இன்னொருவர் ஆளவிடுவதே குற்றம். மோசடிப் பணம் உங்கள் கணக்கு வழியாகப் போனால் வழக்கில் உங்கள் பெயர்தான் முதலில் வரும். பணம் மோசடியில் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே உங்கள் வங்கியையோ 997 என்ற எண்ணையோ கூப்பிடுங்கள். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் பணம் கை விட்டுப் போகும்.

வங்கியில் செய்த புகாருக்கு நியாயம் கிடைக்காவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் நிதிச் சந்தைக்கான குறைதீர்ப்பு மன்றம் ஒன்றும் இயங்குகிறது. அங்கே புகார் செய்ய காசு கேட்கமாட்டார்கள்.

ஊராகச் சேர்ந்து கேட்போம்

இதுவரை சொன்னது அவரவர் வீட்டுக் கவசம். ஆனால் கிளை போவதைத் தனி மனிதன் தடுக்க முடியாது. ஊர் சேர்ந்தால்தான் பேச முடியும்.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இந்தியாவில் ஒரு கிராமத்துக் கிளையை மூடவேண்டுமானால், வங்கி தன் விருப்பத்துக்கு மூட முடியாது. மாவட்டக் கலந்தாய்வுக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. பிரிட்டனில் 2024 செப்டம்பர் முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. கிளை போவதால் அந்த ஊரில் ரொக்கம் கிடைப்பதில் என்ன குறை வரும் என்று மதிப்பிடவேண்டும். குறை இருந்தால் மாற்று ஏற்பாடு செய்து முடிக்கும்வரை மூடக்கூடாது. அங்கே பல வங்கிகள் சேர்ந்து ஒரே முகப்பு நடத்துகின்றன, நாளுக்கு ஒரு வங்கியின் ஊழியர் வந்து உட்காருகிறார். ஆஸ்திரேலியாவில் நான்கு பெரிய வங்கிகள் நகரத்துக்கு வெளியே உள்ள கிளைகளை 2027 ஜூலை வரை மூடமாட்டோம் என்று 2025இல் வாக்குறுதி கொடுத்தன. ஆகவே நாம் கேட்பது ஆகாத கோரிக்கை அல்ல.

நம் ஊரில் கிளை மூடும் பேச்சு எழுந்தால் மகஜரில் ஐந்து கோரிக்கைகள் இருக்கவேண்டும். அறிவிப்பு பல மாதம் முன்னதாகவே வரவேண்டும், தமிழிலும் வரவேண்டும். பணம் போடவும் எடுக்கவும் கூடிய இயந்திரம் பட்டணத்திலேயே இருக்கவேண்டும். சம்பள வாரத்தில் நடமாடும் வங்கி வண்டி தோட்டப் பக்கம் வரவேண்டும். முதியவர்களின் கணக்கை மாற்றித் தரத் தமிழ் தெரிந்த ஊழியர் சில நாளாவது உட்காரவேண்டும். கிளையை இழந்த ஊரின் வாடிக்கையாளர்களுக்கு அந்த 1 வெள்ளிக் கட்டணம் இருக்கக்கூடாது.

வெறும் கையெழுத்து போதாது, கணக்கோடு போங்கள். எத்தனை வீடுகள், 60 வயதுக்கு மேற்பட்டவர் எத்தனை பேர், கைப்பேசி இல்லாதவர் எத்தனை பேர், ஈப்போ போய் வர எவ்வளவு செலவு என்று கோயில் கமிட்டியும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் தொழிற்சங்கக் கிளையும் வீடு வீடாகப் போய் எழுதட்டும். மலாய்க் கம்பத்தையும் சீனர் புதுக்கிராமத்தையும் ஒராங் அஸ்லி மக்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாதிப்பு அவர்களுக்கும்தான். மகஜரை வங்கித் தலைமையகத்துக்கும், பேங்க் நெகாராவுக்கும், நிதி அமைச்சுக்கும், நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

நம்மால் முடியுமா என்று கேட்காதீர்கள். இது துன் வீ.தி. சம்பந்தன் பிறந்த மண். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுத் தொழிலாளிகளைத் தெருவில் விட்ட காலத்தில், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. பால்மரம் சீவியவர்கள் மாதம் 10 வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசு சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. அன்று கைப்பேசி கிடையாது, ஏ.டி.எம். கிடையாது. தோட்டம் தோட்டமாக ஆள் போய்ப் பணம் சேர்த்தார்கள், ரசீது கொடுத்தார்கள். எளியவனின் பணத்தை நாடி அவன் வாசலுக்கே போக முடியும் என்று காட்டியவர்கள் நம் முன்னோர். இன்றைய வங்கிகளுக்கு வண்டி இருக்கிறது, இயந்திரம் இருக்கிறது. அவர்களால் வர முடியாது என்பதை நான் நம்பமாட்டேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. வீட்டில் உள்ள ஒவ்வொருவரின் கார்டும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உரியவர் கையில் இல்லாத கார்டை மீட்டுக் கொண்டுவாருங்கள். பக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டிக்கோ தாத்தாவுக்கோ, அந்தக் கணக்குத் தாளை எழுதிக் கொடுங்கள்.